தை மாதத்தில் வந்த விபூதிப் புதன்

வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கையில், ஐந்தாம் மாடியில் குடியிருந்த பாலசுந்தரத்துக்கு அறுபத்திரண்டாவது வயதில் கல்லூரிக்குப் போகும் யோகம் அடித்தது. அதற்குக் கல்வித் தாகம் காரணமல்ல. அவருடைய மனைவி பாலேஸ்வரி வைத்த ஒரு பாயாசம்தான் காரணம்.

பாலசுந்தரம் காப்புறுதிக் கம்பனி ஒன்றில், இடிபட்ட வாகனங்களுக்கு நட்டஈடு கேட்டு வருகிறவர்களின் கதைகளைச் சரிபார்க்கிற வேலையில் தலைநரைத்தவர். ஓய்வு பெற்று வீட்டிலிருந்தபோது சரிபார்க்க வேறொன்றும் அகப்படாமல் குசினிக்குள் புகுந்தார். தூள் போத்தல்களை எல்லாம் இறக்கி, துடைத்து, அகரவரிசைப்படி அடுக்கினார். பாலேஸ்வரியோ கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டினால் சாமான் கைக்கு வரவேண்டும் என்ற கொள்கையுடையவர். அன்று அவர் கையை நீட்டினார். ஏலக்காய்த்தூள் இருக்க வேண்டிய இடத்தில் மிளகுத்தூள் இருந்தது. பாயாசம் குடிக்க வந்த மேல்மாடிக்காரர் இரண்டு நாள் விக்கினார்.

"இஞ்சேருங்கோ," என்றார் பாலேஸ்வரி, மிகவும் அமைதியாக. அந்த அமைதி நல்லதற்கல்ல என்பது பாலசுந்தரத்துக்குத் தெரியும். "நீங்கள் எங்கையாவது போய்ப் படியுங்கோ."

"என்னத்தைப் படிக்கிறது?"

"என்னத்தையெண்டாலும் படியுங்கோ. காலமை போய்ப் பின்னேரம் வாற மாதிரி ஒரு படிப்பு."

தேடிப் பிடித்ததும் பாலேஸ்வரிதான். கொட்டாஞ்சேனையில் கன்னியாஸ்திரிகள் நடத்தும் புனித பிளேசியார் கல்லூரியில் உளவளத்துணை டிப்ளோமா. மனக்கவலையோடு வருகிறவர்களைப் பேசவிட்டுக் கேட்கப் பழக்குகிற படிப்பு. வயதெல்லை இல்லை.

"மற்றாக்கள் கதைக்கிறதைக் கேக்கிற படிப்பாம்," என்று சொல்லும்போதே பாலேஸ்வரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கலியாணம் கட்டிய நாளிலிருந்து அவர் தொடங்கிய ஒரு வசனத்தைக்கூடப் பாலசுந்தரம் முடிக்க விட்டதில்லை.

தைப்பொங்கலுக்கு முந்திய திங்கட்கிழமை வகுப்புத் தொடங்கியது. கிறிஸ்தவக் கல்லூரி என்றால் வெள்ளை உடுப்புத்தான் போடவேண்டும் என்று யாரும் சொல்லாமலே முடிவு செய்து, வெள்ளை நீளக்கைச் சட்டை, வெள்ளைக் காற்சட்டை, கழுத்துவரை பொத்தான் என்று வெளிக்கிட்டார். வழக்கமாக நெற்றி நிறையப் பூசுகிற திருநீற்றையும், புது இடம் என்ற மரியாதைக்காக, ஒரு பொட்டளவில் நிறுத்திக்கொண்டார். அதுவும் புறக்கோட்டையில் பஸ் மாறுவதற்குள் வியர்வையோடு போய்விட்டது; பிறகு வந்த நாட்களிலும் இதே கதைதான்.

கல்லூரி வாசலில் நின்றவர் ஸ்ரனிஸ்லாஸ். துறைமுகத்தில் வேலை செய்து ஓய்வுபெற்று, இப்போது கல்லூரியின் சிற்றாலயத்தைக் கூட்டித் துடைத்து மணியடித்துப் பராமரிப்பவர். கப்பல் சங்குச் சத்தத்தில் பாதிக் காது போய்விட்டது. மிச்சப் பாதியை அவர் தனக்குப் பிடித்ததைக் கேட்க மட்டும் பாவித்து வந்தார். திங்கட்கிழமை புது ஃபாதர் வருகிறார், ஹெந்தளைக்காரர், கல்லூரிப் பிள்ளைகளின் ஆன்மீகக் காரியங்களை இனி அவர்தான் பார்ப்பார் என்று கல்லூரித் தலைவி சிஸ்டர் றோஸி அவருக்குச் சொல்லி வைத்திருந்தார். விடியற்காலையிலிருந்து வழிபார்த்து நின்றவரின் முன்னால், தலை நரைத்து, தலையிலிருந்து கால்வரை வெள்ளை உடுத்தி, ஒரு பெரிய மனிதர் வந்து இறங்கினார்.

"வாங்க ஃபாதர், வாங்க!" என்று ஓடிவந்து பையை வாங்கினார் ஸ்ரனிஸ்லாஸ்.

பாலசுந்தரம் ஒரு கணம் யோசித்தார். வெள்ளவத்தையில் பொடியன்கள் அவரை அங்கிள் என்பார்கள். பஸ்ஸில் சிங்களப் பிள்ளைகள் எழுந்து இடம் விட்டு, தாத்தா என்ற அர்த்தத்தில் சீயா என்பார்கள். கிறிஸ்தவக் கல்லூரிகளில் வயது போன ஆட்களை ஃபாதர் என்று கூப்பிடுகிற வழக்கம் போலும். நல்ல மரியாதையான வழக்கம்!

"வாறன், வாறன். சுகமா இருக்கிறியளோ அண்ணை?" என்றார்.

ஃபாதர் தன்னை அண்ணை என்று அழைத்ததில் ஸ்ரனிஸ்லாஸ் அந்த இடத்திலேயே உருகிப் போனார்.

அன்று பத்து மணிக்கு சிஸ்டர் றோஸி ஸ்ரனிஸ்லாஸைக் கூப்பிட்டு, "ஃபாதருக்கு டெங்கு!" என்று காதுக்குக் கிட்டப் போய்ச் சத்தமாகச் சொன்னார். ஹெந்தளையிலிருந்து அப்போதுதான் தொலைபேசி வந்திருந்தது. உண்மையான ஃபாதர் ஆஸ்பத்திரியில் கிடந்தார். ஆனால் ஸ்ரனிஸ்லாஸின் காதில் விழுந்தது "ஃபாதர் இங்க தங்குவார்" என்பதுதான். அவர் தலையை ஆட்டிக்கொண்டு போய், சிற்றாலயத்துக்குப் பின்னால் இருந்த சின்ன அறையைத் திறந்து, மெத்தை தட்டி, புது விரிப்பு விரித்து, நுளம்பு வலையும் கட்டினார். மத்தியான இடைவேளையில் பாலசுந்தரத்தைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார்.

"உங்களுக்குத்தான் ஃபாதர். களைப்பா இருந்தா வந்து சாஞ்சுக்கங்க."

முதிய மாணவர்களுக்கு இளைப்பாற அறை! பாலசுந்தரம் அசந்து போனார். சாப்பிட்டுவிட்டு வலைக்குள் புகுந்து அரைமணி நேரம் நித்திரை கொண்டார். மறுநாளும் கொண்டார். இரண்டு கிழமையில், அந்த நித்திரை இல்லாமல் பின்னேர வகுப்புக்குப் போகமுடியாது என்ற நிலை வந்துவிட்டது.

காலை வழிபாட்டில் அவருக்கென்று முன்வரிசையில் கைபிடி வைத்த கதிரை போடப்பட்டது. எப்போது எழும்புவது, எப்போது முழங்காலிடுவது என்று அவருக்கு ஒன்றும் தெரியாது. முழங்கால் நோவு வேறு. நொந்தால் எழும்புவார், ஆறினால் இருப்பார். பின்னால் நின்ற முதலாம் வருஷப் பிள்ளைகளில் பாதிப்பேருக்கும் முறை தெரியாதபடியால் அவரைப் பார்த்து எழும்பி, அவரைப் பார்த்து இருந்தார்கள். ஒரு நாள் கீழே விழுந்த கண்ணாடிக் கூட்டை எடுக்க அவர் குனிய, முப்பது பேர் பக்தியோடு குனிந்தார்கள்.

வகுப்பில் விரிவுரையாளர்களுக்கு அவர் சாதாரண மாணவர். முன்வரிசைக் கதிரை முழங்கால் நோவுக்காக என்று நினைத்த சிஸ்டர் றோஸிக்கு அவர் மிஸ்டர் பாலசுந்தரம். ஸ்ரனிஸ்லாஸ் மட்டும், ஃபாதர் எவ்வளவு பெரிய ஆள், பிள்ளைகளோடு பிள்ளையாக வகுப்பு வாங்கில் இருந்து படிக்கிறார் என்று ஒழுங்கை முழுக்கச் சொல்லித் திரிந்தார். அதை முதலில் நம்பியவர் கன்ரீன் நடத்தும் நேசம்.

நேசத்தின் நம்பிக்கைக்கு ஆதாரம் இருந்தது. முதல் வெள்ளிக்கிழமை அவர் ஆசையோடு பெரிய கட்லட் ஒன்றைத் தட்டில் வைக்க, பாலசுந்தரம் கையெடுத்துத் தடுத்தார்.

"வேண்டாம் தங்கச்சி. வெள்ளிக்கிழமையில நான் மச்சம் தொடுறேல்லை."

வெள்ளிக்கிழமை இறைச்சி தவிர்ப்பது கத்தோலிக்கருக்கும் உள்ளதுதான். ஆனால் இவர் மீனைக்கூடத் தொடவில்லை. செவ்வாய்க்கிழமையும் தொடவில்லை. இப்படி ஒருசந்தி விரதம் பிடிக்கிற சுவாமிமாரை இந்தக் காலத்தில் எங்கே காண்பது என்று நேசம் நெஞ்சில் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார். அதைப் பார்த்து, பதில் மரியாதையாகப் பாலசுந்தரம் கைகூப்பினார்.

மூன்றாம் கிழமை ஒரு நாள், கன்ரீனில் ஆளில்லாத நேரம் பார்த்து நேசம் அவர் முன்னால் வந்து இருந்தார்.

"ஃபாதர், மன்னிச்சு விடுங்க. என் மனசில பெரிய பாவம் கிடக்கு."

பாலசுந்தரம் திகைத்தார். ஆனால் உளவளத்துணை மாணவன் அல்லவா? அன்று காலைதான் குறுக்கே பேசக்கூடாது என்று வகுப்பில் படித்திருந்தார். வாயில் தேத்தண்ணீரை நிரப்பிக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினார்.

நேசத்தின் அக்காவின் புருஷனுக்குப் பேலியகொடை மீன் சந்தையில் வியாபாரம். போன வருஷத்துக்கு முந்தின நத்தாருக்கு அக்கா வீட்டில் கிறிஸ்மஸ் விருந்து. பெரிய பாரை மீன். அதன் தலையை அக்கா தன் சம்பந்தி வீட்டுக்காரிக்குப் போட்டு, நேசத்துக்கு வாலைப் போட்டுவிட்டார். அன்றோடு பேச்சுவார்த்தை இல்லை. பேச்சில்லாதது மட்டுமல்ல, அக்காவுக்குத் தொண்டையில் முள் குத்தவேண்டும் என்று நேசம் தினமும் மன்றாடியும் வந்திருக்கிறார்.

"குத்திச்சுதோ?" என்று கேட்டுவிட்டார் பாலசுந்தரம், தேத்தண்ணீரை விழுங்கி.

"இல்லை ஃபாதர்."

"அப்ப சேதமில்லை." காப்புறுதிக் கம்பனி வாசகம் தன்பாட்டில் வந்தது. "ஆனா ரெண்டு பக்கத்தையும் விசாரிக்காமல் ஒண்டும் முடிவாச் சொல்லேலாது. நேரில போய்ப் பாருங்கோ."

நேசம் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழும்பினார். இவ்வளவு சுருக்கமாக, இவ்வளவு ஆழமாக யாரும் அவருக்குச் சொன்னதில்லை.

அன்று பின்னேரம் வீட்டில் பாலசுந்தரம் இந்த வெற்றியைப் பெருமையோடு விளம்பினார். பாலேஸ்வரி வடைக்கு உழுந்து அரைத்துக்கொண்டிருந்தார்.

"அந்தப் பிள்ளை வந்து இருந்து, ஃபாதர் மன்னிச்சு விடுங்க எண்டு தொடங்கினா பாரும்..."

கிரைண்டர் நின்றது. "என்னெண்டு தொடங்கினவ?"

"ஃபாதர் எண்டு. அங்கை வயசு போன ஆக்களை அப்பிடித்தான் கூப்பிடுறவை."

பாலேஸ்வரி யாழ்ப்பாணத்தில் கன்னியாஸ்திரிகளிடம் படித்தவர். உழுந்து மாக் கையோடு கதிரையில் இருந்துவிட்டார்.

"ஐயோ, உங்களை சுவாமியார் எண்டு நினைச்சிருக்கினம்! அவ தன்ரை பாவத்தைச் சொல்லி உங்களிட்டைப் பாவசங்கீர்த்தனம் செய்திருக்கிறா!"

பாலசுந்தரத்துக்குக் கைபிடி வைத்த கதிரை, கட்லட், நுளம்பு வலை எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகக் கண்முன் வந்தன. முகம் வெளிறியது. "அப்ப அந்தக் கட்டில்?"

"எந்தக் கட்டில்?" என்றார் பாலேஸ்வரி.

அதை விளங்கப்படுத்தி முடிக்க இன்னும் கொஞ்ச நேரம் போயிற்று. பாலேஸ்வரி சிரித்துச் சிரித்து, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். பாலசுந்தரத்துக்குச் சிரிப்பு வரவில்லை. நாளைக்கே போய் உண்மையைச் சொல்வது என்று தீர்மானித்தார். காது கேட்காத மனிதருக்கு வாயால் சொல்லிப் பயனில்லை, கண்ணால் பார்த்ததும் விளங்கவேண்டும். காலையில் குளித்து, சாமியறைக்குப் போய், மூன்று குறி, பட்டை பட்டையாக, காதுவரை திருநீறு பூசினார். இந்த நெற்றியைப் பார்த்த பிறகும் தன்னை ஃபாதர் என்று யார் சொல்வார்கள்?

அன்று புதன்கிழமை.

கல்லூரி வாசலில் ஸ்ரனிஸ்லாஸ் வழக்கம்போல "வாங்க ஃபா..." என்று தொடங்கி, அந்த நெற்றியைப் பார்த்தார். வாய் திறந்தபடி நின்றது. முகத்தில் ரத்தமில்லை. மறுகணம் சிற்றாலயப் பக்கம் ஓட்டமெடுத்தார்.

விளங்கிவிட்டது, பாவம், வெட்கப்பட்டு ஓடுகிறார் என்று நினைத்துப் பாலசுந்தரம் மனப்பாரம் நீங்கி வகுப்புக்குப் போனார்.

ஸ்ரனிஸ்லாஸுக்கு விளங்கியது வேறு. புதன்கிழமை! நெற்றியில் சாம்பல்! அப்படியென்றால் இன்றைக்கு விபூதிப் புதன், கோயிலில் நெற்றியில் சாம்பல் பூசும் தவக்காலத்தின் முதல் நாள். இத்தனை வருஷத்தில் ஒரு தடவையும் பிழைவிடாத தான் நாளை மறந்து கிடக்க, ஃபாதர் வேறெங்கேயோ போய்ப் பூசிக்கொண்டு வந்திருக்கிறார்! சாம்பலுக்கென்று சேர்த்து வைத்த சென்ற வருஷக் குருத்தோலைகளைச் சாக்கோடு இழுத்து வந்து, முற்றத்தில் சட்டியில் போட்டுக் கொளுத்தினார். ஓடிப்போய் மணியை அடித்தார். இன்னும் ஓடி நேசத்திடம், "இன்னைக்குச் சுத்தபோசனம்! இறைச்சி ஒண்ணும் விக்கக்கூடாது!" என்று கத்தினார். தாச்சியில் பொரிந்துகொண்டிருந்த கோழி ரோல்ஸை நேசம் அப்படியே அள்ளி மூடிவைத்து, கடலை அவிக்கத் தொடங்கினார்.

சிஸ்டர் றோஸி அன்று காலை வெளியே ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தார். கேட்க ஆளில்லை. நேரமல்லாத நேரத்தில் மணி கேட்டு, ஒழுங்கைப் பெண்கள் தலையில் லேஸ் துணியைப் போட்டுக்கொண்டு ஓடிவந்தார்கள்.

"இப்பதானே பாலன் குடிலைக் கழட்டினோம்? வைக்கோல்கூட இன்னும் படியில கிடக்குதே," என்றாள் ஒருத்தி.

"உனக்குத் தெரியுமா, ஃபாதருக்குத் தெரியுமா?" என்று ஸ்ரனிஸ்லாஸ் அதட்டினார்.

புகைமணம் வகுப்புக்குள் வந்தது. எங்கேயோ தீப்பிடித்துவிட்டது என்று பிள்ளைகள் வெளியே ஓட, பாலசுந்தரமும் ஓடினார். சிற்றாலய வாசலில் நீண்ட வரிசை. ஸ்ரனிஸ்லாஸ் இன்னும் சூடாறாத சாம்பலை ஒரு பிஸ்கட் டின்னில் கொட்டி அவர் கையில் திணித்தார்.

"தொடங்குங்க ஃபாதர்."

பாலசுந்தரத்துக்கு உள்ளங்கை சுட்டது. இருக்கிற குரலையெல்லாம் திரட்டி, "நான் ஃபாதர் இல்லை!" என்று கத்தினார். "நான் சைவம்!"

ஸ்ரனிஸ்லாஸ் அன்போடு தலையாட்டினார்.

"இன்னைக்கு எல்லாரும் சைவம்தான் ஃபாதர். நேசத்துக்கிட்டச் சொல்லி ரோல்ஸ் எல்லாம் நிப்பாட்டிட்டேன்."

"அந்தச் சைவம் இல்லை அண்ணை! கோயில் சைவம்! முருகன்!"

"முருகனா? எந்த முருகன்? முடிவெட்டுற முருகனும் வந்திருக்கானா? வரட்டும் ஃபாதர், யாரு வேண்டாம்னது?"

இந்த நேரத்தில் ஓர் ஓட்டோ வந்து நின்றது. டீ சேர்ட் போட்ட, மெலிந்து வெளிறிய இளைஞன் ஒருவன் பயணப்பையோடு இறங்கி, கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னுக்கு வந்தான்.

"தம்பி, பின்னுக்குப் போங்கோ. வரிசை அங்கை கிடக்கு," என்றார் பாலசுந்தரம், பழக்கதோஷத்தில்.

"என்ன வரிசை அங்கிள்?"

"விபூதிப் புதனாம்."

இளைஞனின் முகத்தில் இருந்த கொஞ்ச நிறமும் போய்விட்டது. "ஐயோ! நான் அவ்வளவு நாளா ஆஸ்பத்திரியில கிடந்தேன்?" என்று தடுமாறித் தொலைபேசியை எடுத்துத் திகதியைப் பார்த்தான். இன்னொரு தடவை பார்த்தான். "அங்கிள், இது ஜனவரி மாசம்."

"அது எனக்கும் தெரியும் தம்பி. அவருக்கு ஒருக்காச் சொல்லுங்கோ."

"நீங்க யாரு?"

"நான் முதலாம் வருஷம். நீங்கள்?"

"நான் கிளின்ரன். இங்க வர இருந்த புது ஃபாதர்."

பாலசுந்தரத்துக்கு வந்த நிம்மதியை எழுத்தில் வைக்க முடியாது. காணாமல் போன பிள்ளையைக் கண்டவர்போல ஃபாதர் கிளின்ரனின் இரண்டு கைகளையும் பிடித்து, பிஸ்கட் டின்னை அவற்றுக்குள் வைத்து, "பிடியுங்கோ ஃபாதர், பிடியுங்கோ! இனி எல்லாம் உங்கடை பாடு!" என்றார்.

ஸ்ரனிஸ்லாஸ் ஒத்துக்கொள்ளவில்லை. "இந்தப் பொடியனா ஃபாதர்? மீசைகூட ஒழுங்கா இல்லையே!" நல்லவேளையாக சிஸ்டர் றோஸி வந்து சேர்ந்தார். புகை, வரிசை, லேஸ் துணி, பட்டையோடு நிற்கும் பாலசுந்தரம், டின்னோடு நிற்கும் டெங்கு நோயாளி எல்லாவற்றையும் ஒரு பார்வை பார்த்தார். விஷயத்தை விசாரித்து முடிய, ஸ்ரனிஸ்லாஸின் நல்ல காதுப் பக்கம் போய், ஒவ்வொரு சொல்லாக விளங்கப்படுத்தினார். கேட்கக் கேட்க ஸ்ரனிஸ்லாஸின் தலை கீழே கீழே போயிற்று. "டெங்கா? நான் தங்குவார்னு..." என்று முணுமுணுத்து, படிக்கட்டில் வைக்கோல் பக்கத்தில் குந்திவிட்டார்.

ஃபாதர் கிளின்ரன் அவருக்குப் பக்கத்தில் போய்க் குந்தினார். "ஐயா, சாம்பல் எப்படியும் அடுத்த மாசம் வேணுமே. மூடி வைங்க. கொழும்பில எந்தக் கோயிலும் இவ்வளவு நேரத்தோட ஆயத்தமா இருக்காது." ஸ்ரனிஸ்லாஸ் நிமிர்ந்தார். ஓடிவந்த பெண்களை வெறுங்கையோடு அனுப்ப மனமில்லாமல் ஃபாதர் அங்கேயே ஒரு செபம் சொல்லி, எல்லாருக்கும் ஆசீர்வாதம் கொடுத்தார். தலை சுற்றியதால் பாதியைக் கதிரையில் இருந்துதான் கொடுத்தார்.

கன்ரீனில்தான் பிரச்சினை முடியவில்லை. பாலசுந்தரம் மன்னிப்புக் கேட்கப் போனபோது நேசம் கரண்டியை ஓங்கிக்கொண்டு நின்றார்.

"ஃபாதர்னு நினைச்சுத்தானே என் குடும்பத்துக் கதையெல்லாம் கொட்டினேன்! நீங்க வெள்ளவத்தை அங்கிளாமே!"

"நான் ஆருக்கும் சொல்லேல்லைத் தங்கச்சி. சத்தியமா." பாலேஸ்வரி கணக்கில் வரமாட்டார் என்று மனதுக்குள் சமாதானம் சொல்லிக்கொண்டார். "அக்காவிட்டைப் போனியளோ?"

"நேத்தே போனேன். பாரைத் தலை சமைச்சுத் தந்தா." நேசம் கரண்டியை இறக்கினார். "ஆனா அதில முள்ளு இருந்திச்சு. எனக்குத்தான் குத்திச்சு."

சிற்றாலயத்துக்குப் பின்னாலிருந்த அறைக்கு ஃபாதர் கிளின்ரன் குடிவந்தார். பாலசுந்தரத்தின் மத்தியான நித்திரை அத்தோடு முடிந்தது. சில நாட்கள் பின்னேர வகுப்பில் அவர் நாடியைக் கையில் தாங்கியபடி தூங்கிவிழுந்தார். பிறகு அதுவும் பழகிப் போயிற்று. ஸ்ரனிஸ்லாஸ் அவரை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியாமல் கொஞ்சக் காலம் வெறுமனே கனைத்துப் பார்த்தார். கடைசியில் "மிஸ்டர்" என்று வைத்துக்கொண்டார்.

மாசி பிறந்ததும் முதல் செய்முறைப் பரீட்சை வந்தது. மனக்கவலை உள்ள ஒருவர் பேசுவார், மாணவர் இருபது நிமிடம் குறுக்கிடாமல் கேட்கவேண்டும். பாலசுந்தரத்தின் முறைக்குக் கவலைக்காரராக நடிக்கச் சம்மதித்து வந்திருந்தவர் ஃபாதர் கிளின்ரன்.

"எனக்குக் கொஞ்ச நாளா உடம்பில பலம் இல்லாத மாதிரி..." என்று அவர் தொடங்கினார்.

"டெங்குக்குப் பப்பாசி இலைச் சாறு குடிச்சனீங்களோ?" என்றார் பாலசுந்தரம்.

விரிவுரையாளர் பேனையை மேசையில் வைத்தார். ஃபாதர் ஆவலோடு முன்னுக்குச் சாய்ந்து, "இல்லையே, அதை எப்படிச் செய்யிறது?" என்று கேட்டார். மிச்ச நேரம் முழுவதும் பாலசுந்தரம்தான் பேசினார். இலையைக் காம்பு நீக்கி இடிப்பதிலிருந்து, அதன் கைப்புப் போக எதைச் சாப்பிடவேண்டும் என்பதுவரை ஒன்றையும் விடவில்லை. பரீட்சையில் தவறிய ஒரே ஆள் அவர்தான். பாலேஸ்வரிக்கு அதில் கவலை ஒன்றும் இல்லை. படிப்பு இன்னும் ஆறு மாதம் நீளும் என்று கேள்விப்பட்டதும், அன்றைக்கே புதிதாக நாலு தூள் போத்தல் வாங்கி, தனக்குப் பிடித்த இடத்தில் வைத்தார்.